நானூற்றுப் பத்து மீட்டர்

"இருங்க" என்று அவள் சொன்னது தமிழில்தானே, வேறெந்தப் பாஷையிலும் இல்லையே. பாறைமேல் குப்புறப் படுத்திருந்த மனுஷனின் காதுக்கும் அவள் வாய்க்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. இருங்க, காத்து நிக்கட்டும் என்றாள். சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் சுட்டாயிற்று. சரிவில் இறங்கிக்கொண்டே வசுந்தரா அதையேதான் மென்றுகொண்டிருந்தாள். இடுப்புவரைக்கும் புல், விடிகாலைப் பனியில் ஊறின புல், பேன்ட் தொடைவரை நனைந்து ஒட்டிக்கொண்டது, கம்பூட்டுக்குள் அட்டை ஏறியிருக்கும், ஏறட்டும், குடிக்கிறதைக் குடித்துத் தொலையட்டும். முன்னால் தாமோதரன் போகிறார். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கடை முதலாளி, ரைபிள் கிளப்பில் பெரிய கை, இருபத்திரண்டு வருஷமாக இவளுக்குப் புருஷன். முதுகில் அவர் அப்பா காலத்து ரைபிள், அதன்மேல் போன வருஷம் வாங்கிப் பூட்டின டெலஸ்கோப். நடையில் ஒரு நிதானம் வேறு, கும்பிட்டுவிட்டு மலைக்கோயிலிலிருந்து இறங்குகிற மாதிரி. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளப்பில் இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. தூரத்துக்குச் சுடும்போது இரண்டு பேர் சேர்ந்துதான் சுடவேண்டும். ஒருவர் ரைபிளில், இன்னொருவர் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்தின பெரிய கண்ணாடியில். கண்ணாடியில் இருக்கிறவர் தூரம் சொல்வார், காற்று சொல்வார், எல்லாம் சரியாக இருந்தால் "போலாம்" என்பார். அந்தப் "போலாம்" வராமல் விசையில் விரல் வைக்கக்கூடாது. டாக்டர் வந்து படுத்தாலும் சரி, போலீஸ் அதிகாரி வந்து படுத்தாலும் சரி, பக்கத்தில் இருக்கிறவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் கிடப்பார்கள். இன்றைக்கு இவள் போலாம் என்று சொல்லவேயில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. இருங்க என்றுதான் சொன்னாள்.

அவர் ஒன்றும் பார்க்கவில்லை, அதுதான் கூத்து. சுட்டவனுக்கு எப்போதுமே தெரியாது. உதைக்கிற உதையில் ரைபிள் எகிறும், டெலஸ்கோப்பில் வானம் தெரியும், மறுபடி இறக்கிப் பார்ப்பதற்குள் நடக்கவேண்டியது நடந்து முடிந்திருக்கும். பார்த்தவள் இவள். இவளுடைய கண்ணாடி அசையவில்லை. எதிர்ச்சரிவில் சுருளிவேலின் ஏலத்தோட்டம், அதன் ஓரத்தில் வேலியோடு ஒட்டி ஒரு வெட்டவெளி, அங்கே அந்தப் பன்னி தனியாக நின்று செடியின் அடியைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆண் பன்னி, நல்ல உருப்படி. மண்ணை முகர்ந்து ஒரு கிழங்கைக் கடித்து இழுத்தது, காதை ஒருமுறை விசிறியது, ஈ உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கம் பாறையில் இவளுடைய கன்னத்தில் காற்று இல்லை. ஆனால் நடுவில், கீழே ஓடைக்கு மேலே, மூடுபனி இடப்பக்கமாக இழுபட்டு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு காற்று, இங்கே ஒரு காற்று, தோட்டத்தில் இலை ஆடுவதைப் பார்த்தால் அது மூன்றாவது காற்று. அதற்குத்தான் இருங்க என்றாள். சத்தம் அவள் காதைப் பொத்தியது, அவள் கண்ணை எடுக்கவில்லை, குண்டு போய்க்கொண்டிருக்கும்போதே அந்தப் பன்னி ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. அவ்வளவுதான். அதற்கென்ன தெரியும், அடுத்த கிழங்கு அங்கே இருந்தது, வைத்தது. அப்புறம் அதன் பின்வயிற்றில் தோல் ஒரு சுழி சுழித்தது. முதுகைக் கூனிக்கொண்டு அப்படியே நின்றது. அதற்கும் பிறகுதான் அந்தச் சத்தம் பள்ளத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது, நனைந்த சாக்கைத் தடியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். எலும்பில் பட்டால் இப்படிக் கேட்காது என்று கிளப்பில் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கூனின முதுகோடு, அவசரமில்லாமல், மெதுவாக நடந்து, பன்னி ஏலச்செடிக்குள் போயிற்று. ஓடியிருந்தால்கூட இவளுக்கு இவ்வளவு இருந்திருக்காது.

என்னாச்சு வசு என்று கேட்டார். வயித்துல பட்டிருச்சுங்க, உள்ள போயிருச்சு என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்து, தோட்டாக் கூட்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "மிஸ்ஸுன்னே சொல்லீரலாம் வசு." சொன்ன தொனி இருக்கிறதே, காப்பியில் சர்க்கரை கம்மி என்று சொல்கிற தொனி. தவறிப்போச்சு என்று சொன்னால் கதை முடிந்தது. எவ்வளவு பெரிய ஆளுக்கும் தவறும், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், சிரித்துவிட்டு டீ குடிக்கலாம். பட்டது, ஆனால் சாகவில்லை என்றால் அப்புறம் பின்னாலேயே போகவேண்டும். அந்த இலைக்குள்ளே குனிந்து போய்த் தேடவேண்டும். அதுதான் விஷயம், மானம் மரியாதை எல்லாம் அப்புறம். இருபத்திரண்டு வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள், அவர் எதற்கு வெட்கப்படுவார், எதற்குப் பயப்படுவார் என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியாதா. இவர் இதற்கு முன்னால் உயிருள்ள எதையும் சுட்டதில்லை. இரும்புத் தகடு சுட்டிருக்கிறார், காகிதம் சுட்டிருக்கிறார். இரும்புத் தகடு அடிபட்டால் டங்கென்று பதில் சொல்லிவிட்டு அங்கேயே தொங்கும். செடிக்குள் நடந்து போகாது.

கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள், ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது, இழுத்த இழுப்பில் நகம் பிய்ந்தது. அந்த நகம் இப்போதும் விண்விண்ணென்று தெறிக்கிறது. போன் எடுத்துப் பார்த்தாள், சிக்னல் இல்லை, அந்தப் பக்கம் சுருளிவேலின் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்வரை ஏறினால்தான் வரும் என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். இருட்டோடு ஜீப்பில் கொண்டுவந்து பாறையடியில் விட்டவன் அப்போதே திரும்பிப் போய்விட்டான். ஆகவே நடக்கவேண்டும். இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறவேண்டும். குண்டுக்கு அரை நொடி சொச்சம், மனுஷக் காலுக்கு ஒன்றேகால் மணி நேரம். இந்தக் கணக்கை மட்டும் கிளப்பில் ஒருத்தனும் சொல்லிக்கொடுப்பதில்லை. தூரம் அளக்கிற ரேஞ்ச் பைண்டரை நீட்டி நானூத்திப் பத்து என்று படித்தபோது இவளுக்குமே ஒரு குளிர்ச்சி வந்ததே, என்ன ஒரு துல்லியம் என்று, அதை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தூரத்தில் குண்டு ஓர் ஆள் உயரம் கீழே விழும், காற்று ஒரு முழம் தள்ளும். பன்னியின் நெஞ்சில் சாகடிக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரு முழம் தள்ளினால் தட்டு எங்கே, குண்டு எங்கே. இதெல்லாம் தெரியாதவர்களா இருவரும், கணக்குப் போட்டே தலை நரைத்தவர்கள். எல்லாம் தெரிந்தும் போய்ப் படுத்தார்கள். அந்தப் பன்னி ஓர் அடி வைக்கும் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

கல் வழுக்கியது. தாமோதரன் திரும்பி, பாத்து வா என்றார். நீங்க பாத்துப் போங்க என்று வெடுக்கென்று சொன்னாள், இறங்கிக்கொண்டே இருந்தாள். அந்தக் கூனல். அந்தக் கூனல்தான் அவளை விடமாட்டேன் என்கிறது. அது அவளுக்குப் பழக்கமான கூனல். பையன் நாலாவது படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் அவளுக்கு அடிவயிற்றில் பிடித்தது, நிமிர முடியவில்லை, படுக்க முடியவில்லை, சமையல்கட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைத்து நின்றாள். அசையாமல் நின்றால் கொஞ்சம் பரவாயில்லை, அசைந்தால் உள்ளே ஏதோ கிழிகிறது. இவர் டில்லியில் போட்டியில் இருந்தார். போன் போட்டால், கேஸா இருக்கும் வசு, சோடா குடிச்சுட்டுப் படு என்றார். சோடா! குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழாகிக் கிடந்தது, பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போகும்வரை ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தாள். தண்ணீர் தண்ணீர் என்று தவித்தது. பேச்சு வரவில்லை, கத்தவும் தோன்றவில்லை, ஒரு மூலையில் இருட்டாகப் போய்ச் சுருண்டுகொண்டால் போதும் என்றிருந்தது. அதே மூலையைத் தேடித்தான் அந்தப் பன்னி இலைக்குள் நடந்து போனது. அதற்கு ஆட்டோ கிடையாது. இவர் மூன்றாம் நாள் மெடலோடு வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, நான் என்ன கண்டேன், இவ்வளவு தூரத்துல இருந்து எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அன்றைக்கும் தூரம்தான். எப்போதும் இவருக்குத் தூரம் கை கொடுத்துவிடும்.

பன்னிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாரும் சொல்லவேண்டாம். நேற்று அந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினபோது சுருளிவேலின் முகத்தைப் பார்த்தாள். கம்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், உழுது போட்டதுபோலக் கிடந்த செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு வேட்டியை இறக்கிக் கட்டினார். மூன்று வருஷம் வளர்த்த செடி, காய்க்கிற நேரத்தில் வேரோடு பிடுங்கிக் கிடந்தது. பன்னியைச் சுடப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தார், பக்கத்து ஊர்த் துப்பாக்கிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கிட்டே போவதற்குள் மோப்பம் பிடித்து ஓடிவிடுகிறது என்று கைவிரித்துவிட்டார்கள். கிளப் செயலாளர் பட்டாபிக்குச் சுருளிவேலோடு ஏதோ பழக்கம், எதிர்ப்பாறையிலிருந்து நம்ம ஆள் ஒரே குண்டுல முடிச்சுருவாரு என்று பெருமை பேசி வைத்துவிட்டார். சுடவேண்டாம் என்று வசுந்தராவும் சொல்லவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் பரண் கட்டி உட்காரலாம், அறுபது எழுபது மீட்டர்தான், காற்று எதிராக இருந்தால் இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்கு வரலாம், நாளைக்கும் இல்லையென்றால் அதற்கடுத்த நாள் என்றாள். அவர் சிரித்தார். மோப்பம் பிடிச்சுரும் கண்ணு, அதுக்குத்தானே இவ்வளவு தூரம் என்றார். ஆமாம், அதுக்குத்தான். பன்னிக்கென்று கடவுள் கொடுத்ததே மூக்கும் காதும்தான். இரண்டும் வேலை செய்யாத இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டு, அது ஈ ஓட்டுவதை ரசித்துக்கொண்டே சுடுவதற்குப் பெயர் திறமை. சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். திறமைசாலிக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா. நிச்சயம் சாகும் என்றால் சுடு, இல்லையென்றால் எழுந்து வீட்டுக்குப் போ. அவ்வளவு பெரிய மலையில் எழுந்து போவதற்குத்தான் இவருக்கு மனசு வரவில்லை. பட்டாபிக்கு என்ன பதில் சொல்வது!

ஓடையில் முழங்கால் தண்ணீர், ஐஸ். தாண்டி நின்று மேலே பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. பாறையிலிருந்து பார்த்தபோது எவ்வளவு தெளிவாக இருந்தது, வேலி, வெட்டவெளி, பட்டை உரிந்த மரம் ஒன்று, அதற்கு இரண்டு செடி தள்ளிப் பன்னி நுழைந்த சந்து. இங்கிருந்து பார்த்தால் பச்சைதான், பச்சைக்கு மேல் பச்சை, எல்லா மரமும் பட்டை உரிந்த மரமாகத் தெரிந்தது. அந்த மரம்தான என்று அவர் ஒன்றைக் காட்டினார். அது இல்லை என்றாள். அப்ப இதா என்றார். தெரியலை என்று கத்தினாள். நானூறு மீட்டருக்கு அப்பால் ஈ உட்கார்ந்ததுவரை பார்த்த கண், பக்கத்தில் வந்ததும் குருடாகிவிட்டது. அவர் கல்லில் உட்கார்ந்து கம்பூட்டைக் கழற்றித் தண்ணீரை வடித்தார். அப்போதுதான் மேலே எங்கோ ஜீப் முக்குகிற சத்தம் கேட்டது. ஆள் ஏற்றி வருகிற ஜீப். போடியிலிருந்து காலையில் ஏறி வருகிற பெண்கள், ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கமுடியுமோ அத்தனை பேர். வெடிச்சத்தம் கேட்டதும் பன்னி ஒழிந்தது என்று சுருளிவேல் சந்தோஷமாகக் காத்திருப்பார், வந்ததும் வராததுமாக அந்த ஓரத்திலேயே காய் எடுக்க இறக்கிவிடுவார். ஏலக்காய் மரத்தில் தொங்குவதில்லை. செடியின் அடியில், தரையோடு தரையாகச் சரம் விட்டுக் கிடக்கும். அதைப் பறிக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, இலையை ஒதுக்கி, தலையை உள்ளே விடவேண்டும். பன்னியின் மூஞ்சி இருக்கிற உயரத்தில்தான் அவர்கள் மூஞ்சி இருக்கும்.

அவரை விட்டுவிட்டு ஏறினாள். வசு, இரு, மூச்சு வாங்குது என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இருக்கிறதாவது. இப்போது மட்டும் இருக்கவேண்டுமாம். வேரைப் பிடித்து, மண்ணைப் பிடித்து, நாலுகாலில் ஏறினாள். என்ன சொல்லப்போகிறாள், அதுதான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தில் மாட்டியது. பட்டது என்று சொன்னால் ஊர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்கியாயிற்று. சொல்லாவிட்டால்? தவறிடுச்சு, ஓடிருச்சு, போய்க் காய் எடுங்க. சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினால் சாயங்காலம் கோயம்புத்தூர். நாளைக்கு யாரோ ஒருத்தி தொடை கிழிந்து போடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்றால் இவர்களுக்குத் தெரியக்கூட வராது. தூரத்தில் இருந்தால் எப்படித் தெரியும். கண்ணாடியில் இருக்கிறவர் சொல்வதுதான் சொல், அதுவும் கிளப்பின் முறைதான். சுட்டவன் அதை மறுத்துப் பேசக்கூடாது. இவள் வாயில்தான் இருக்கிறது எல்லாம். இந்த வாயையும் வாடகைக்கு எடுக்கப் பார்க்கிறாரே என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, கோபத்தில் வருகிற தண்ணீர், துடைத்தால் முகமெல்லாம் சேறு. ஒருவேளை செத்திருக்குமோ. செத்துக் கிடந்தால் எவ்வளவு நல்லது. ஓர் உயிர் சீக்கிரம் செத்துத் தொலையவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டாரே, படுபாவி மனுஷன்.

வேலியைத் தாண்டி ஏறும்போது பெண்கள் இறங்கியாகிவிட்டது. பத்துப் பதினைந்து பேர், இடுப்பில் சாக்கு மடியைக் கட்டிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, முதல் வரிசையைப் பார்க்க நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒச்சம்மா, வசுந்தரா நேற்றே பார்த்தவள், ஆட்களை மேய்க்கிற கங்காணி, உயரமான பெண்பிள்ளை. சுருளிவேல் ஓடிவந்தார். அதற்குள் எப்படித்தான் வந்து சேர்ந்தாரோ, தாமோதரன் மூச்சிரைக்க இவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தவறிப்போச்சுங்க, கடைசி நேரத்துல காத்து மாறிருச்சு, சத்தத்துக்கு அந்தப் பக்கமா காட்டுக்குள்ள ஓடிருச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. சுருளிவேலின் முகம் விழுந்தது, போனாப் போகுதுங்கய்யா, பயந்தாவது ஓடுச்சே என்றார். பெண்கள் மறுபடி நடந்தார்கள். ஒச்சம்மா மட்டும் நின்று வசுந்தராவின் முகத்தை, சேற்றை, பிய்ந்த நகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான தாயி கண்ணாடியில பாத்தீக?"

"பட்டிருக்கு. வயித்துல பட்டு உள்ளதான் போயிருக்கு. யாரும் உள்ள போகாதீங்க."

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் வரிசைக்குள் தலையை விட்டிருந்த ஒருத்தி சட்டென்று பின்னால் வந்து விழுந்தாள். சுருளிவேல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாமோதரன் வாயைத் திறந்தார், கிளப் வழக்கமோ என்னவோ, மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. திட்டினது ஒச்சம்மாதான். அடிபட்ட பன்னிய உள்ள விட்டுப்பிட்டு ஓடிப்போச்சுன்னு சொல்றாகளே, எங்க உசுரு என்ன மசுரா என்று ஆரம்பித்தாள். பிறகு சுருளிவேல் பக்கம் திரும்பி, அப்ப இன்னைக்குக் கூலிக்கு என்ன சொல்றீக என்றாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று வசுந்தரா நினைத்திருந்தாள் போலிருக்கிறது, ஆகவில்லை. பெண்கள் மடியை அவிழ்த்து உதறி ஜீப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள், அவளை ஒருத்தியும் பார்க்கவில்லை. அவள் புருஷனிடம் திரும்பி, வாங்க, நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன் என்றாள்.

ஏலச்செடிக்குள் வெளிச்சம் இல்லை. தலைக்கு மேலே இலை மூடிக்கொண்டது, குனிந்துதான் நடக்கமுடிந்தது. நீளமான அந்த ரைபிள் ஓரடிக்கு ஒருமுறை செடித்தண்டில் மாட்டியது, அவர் இழுத்தார், மறுபடி மாட்டியது. பள்ளத்தைத் தாண்டி அடிப்பதற்கென்றே செய்த சாமானுக்கு இந்தச் சந்தில் திரும்பக்கூட இடம் இல்லை. அவர் சட்டை முதுகு வேர்த்து ஒட்டியிருந்தது, இந்தக் குளிரில். ரத்தம் அதிகம் இல்லை, இலையின் அடிப்பக்கம் ஒரு தேய்ப்பு, பச்சையும் பழுப்புமாக ஏதோ கலந்த தேய்ப்பு. அப்புறம் நாற்றம் வந்தது, சாணமும் புளிப்பும் சேர்ந்த நாற்றம். அந்த ராத்திரியில் இவளுடைய வாயில் ஏறின நாற்றம். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். மூச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே இழுக்கிற மூச்சுக்கு நீளம் இல்லை, குட்டி குட்டியாக. ஐந்தடியில் கிடந்தது. பின்பாகம் மண்ணில் படிந்துபோய், முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, கோரைப்பல் தெரிய, இவர்கள் பக்கம் எழும்பப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தது, மறுபடி எழும்பப் பார்த்தது. அவர் ரைபிளைத் தோளில் வைத்துக் கண்ணை டெலஸ்கோப்பில் வைத்தார். வைத்தவர் வைத்தபடி நின்றார். குழல்முனை ஆடியது.

"ஒண்ணும் தெரியல வசு. கறுப்பா முடி மட்டும் தெரியுது."

"கண்ணாடிய விட்டுட்டுப் பாருங்க."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பன்னியும் அவரைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணவில்லை. குழலை அதன் நெற்றிப் பக்கமாக நீட்டிச் சுட்டார், சுட்டபிறகும் குழலை இறக்கத் தெரியாமல் நீட்டிக்கொண்டே நின்றார், இவள்தான் கையைப் பிடித்து இறக்கினாள். முழங்கையைப் பிடித்து, வாங்க போலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கோபம் போயிருந்தது, அது நிஜம். பாவமாகக்கூட இருந்தது. வெளியே வந்ததும் சுருளிவேல் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார், ஆட்கள் கயிறு எடுக்க ஓடினார்கள், ஒச்சம்மா சாவு முடிந்ததா என்று உறுதி செய்துகொண்டு பெண்களை அதட்டி எழுப்பினாள். யாரோ தாமோதரன் கையில் டீ கொடுத்தார்கள். அவர் ஸ்டோர்த் திண்டில் ஏறி உட்கார்ந்து டீயைக் குடித்தார், அரை டம்ளரில் முகத்தில் நிறம் வந்துவிட்டது. போன் அடித்தது. பட்டாபிதான். என்ன இருந்தாலும் அங்கே சிக்னல் நன்றாக இருந்தது.

ஆச்சுங்க பட்டாபி என்றார். ஆமாங்க, பெரிய உருப்படி, ஆம்பளப் பன்னி. இல்லையில்லை, பாறையில இருந்துதான். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நானூத்திப் பத்துங்க. நானூத்திப் பத்து மீட்டர், காத்து வேற சரியில்லை, பட்டுருச்சு. பொய் ஒன்றும் இல்லை அதில், ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வசுந்தரா நின்ற இடத்தில் நின்று கேட்டாள். போனதெல்லாம் திரும்பி வந்தது, சோடா, மெடல், எனக்கு எப்படித் தெரியும், இருங்க, எல்லாமே ஒரே மூச்சில் திரும்பி வந்தது. திண்டுப் பக்கம் நடந்து போய் அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"தூரத்தச் சொல்லீட்டீங்கல்லங்க. அது சாக எவ்வளவு நேரமாச்சுன்னு அதையும் சொல்லுங்க."

மெதுவாகச் சொல்லவில்லை. ஜீப்பிலிருந்து மடியைக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள் நின்றார்கள், கயிற்றோடு போனவர்கள் நின்றார்கள், சுருளிவேல் குனிந்து எதையோ எடுக்கப் போனவர் எடுக்காமல் நிமிர்ந்தார். தாமோதரன் போனைக் காதில் வைத்தபடி அவளைப் பார்த்தார். ஹலோ, ஹலோ, கேக்குதுங்களா என்று பட்டாபி கேட்டுக்கொண்டே இருந்தது அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது.